ஜான்ஃப்ராங்கோ ஃபெர்ரே அவ்ளோ பெரிய டிசைனரா? அப்புறம் ஏன் நம்மள்ல யாருக்கும் அவர் பேர் தெரியல?

இந்தக் கேள்விய பாத்துட்டு சும்மா தாண்டிப் போக முடியல. அர்மானி, வெர்சாசே பேரெல்லாம் ஊருக்கே தெரியுது, ஃபெர்ரே பேர யாருமே சொல்றதில்ல, அப்ப அவர் ரெண்டாம் வரிசை ஆளாங்கற மாதிரி கேட்டிருக்கீங்க. அனேகமா ஃபேஷன் காலேஜ்ல அசைன்மென்ட்டுக்கு யார எடுக்கலாம்னு தேடிட்டு இருப்பீங்கனு நினைக்கிறேன். யோசிக்காம இவரையே எடுங்க.

ஃபெர்ரே 1944ல இத்தாலில மிலானுக்குப் பக்கத்துல லென்யானோங்கற ஊர்ல பொறந்தவர். 1969ல பாலிடெக்னிக்கோ டி மிலானோ யுனிவர்சிட்டில ஆர்க்கிடெக்சர் டிகிரி வாங்கினார், ஆனா பெல்ட், நகைனு செய்ய ஆரம்பிச்சு இந்தப் பக்கம் வந்துட்டார். 70கள்ல ஜெனோவா ரெயின்கோட் கம்பெனி ஒன்னுக்காக இந்தியாவுக்கு வந்து சில வருஷம் இங்கயே இருந்து வேலை பாத்திருக்கார். வடிவத்த எளிமையா வெச்சுக்கறத இந்தியாவுல தான் கத்துக்கிட்டேன்னு பின்னாடி அவரே சொல்லியிருக்கார். 1978ல தன் பேர்ல சொந்தமா ஆரம்பிச்சார். 80கள்ல மிலான்ல ஜோர்ஜோ (அர்மானி), ஜான்னி (வெர்சாசே), ஜான்ஃப்ராங்கோனு மூணு பேரையும் ஒரே மூச்சுல தான் சொல்லுவாங்க. 1989ல பாரிஸ்ல கிறிஸ்டியன் டியோர் ஹவுஸுக்கே டிசைன் தலைமைக்கு கூப்பிட்டாங்க, ஒரு இத்தாலிக்காரர் கிட்ட டியோர கொடுக்கறதானு பிரான்ஸ்ல முணுமுணுத்தாங்க, அவர் முதல் ஓட் கூத்தூர் (ஆளுக்கு அளவெடுத்து கையால தைக்கற உயர்ரக உடை) கலெக்‌ஷனுக்கே தங்க விரல்கவச விருது, அந்த டே தோர், வாங்கிட்டார். 1996 வரைக்கும் அங்க இருந்தார், அவருக்கு அப்புறம் தான் டிசைனர் ஜான் கல்லியானோ வந்தார். இப்படிப்பட்ட ஆள ரெண்டாம் வரிசைனு யாராவது சொன்னா எனக்கு கோவம் வரத்தான் செய்யும்.

என் கதைக்கு வரேன், ஏன்னா எனக்கு இவர் வெறும் பேர் இல்ல. நான் பி.ஆர்க் முடிச்சவ. முடிச்சிட்டு பேட்டர்ன் மேக்கிங், அதாவது துணிய எப்படி வெட்டணும்னு அளவு போட்டு வரையறத, படிக்க மிலான் போறேன்னு சொன்னப்ப எங்க பெரியப்பா எல்லாரும் உக்காந்திருக்கறப்ப கேட்டார், "ஏம்மா, கட்டடம் கட்டப் படிச்சிட்டு சட்டை தைக்கப் போறேங்கறியே, இதுக்கு தெருமுனை டெய்லர் கிட்டயே சேந்திருக்கலாமே"னு. அம்மா ஒன்னும் பேசல. அந்த வார்த்தை எனக்கு ரொம்ப நாள் உள்ளயே கெடந்துச்சு. டெய்லர்னா கேவலமா, அது எவ்ளோ கஷ்டமான வேலைனு அவருக்கு என்ன தெரியும்?

2015 மார்ச்ல மிலான்ல பலாட்சோ ரியாலேங்கற பழைய அரண்மனைல ஃபெர்ரேவோட வெள்ளைச் சட்டைகள மட்டும் வெச்சு ஒரு எக்ஸிபிஷன் போட்டாங்க. அந்த ஹாலுக்கு சாலா டெல்லே காரியாதிதினு பேர், 1943ல குண்டு விழுந்து சுவர்ல இருந்த சிலையெல்லாம் சிதைஞ்சு போச்சு, இப்பவும் அப்படியே தான் விட்டு வெச்சிருக்காங்க. அந்த மூக்கு கை இல்லாத சிலைங்களுக்கு நடுவுல இந்தச் சட்டைங்க நிக்குது, பாப்ளின், டஃபெட்டா, ஆர்கன்சானு விதவிதமான துணில. கூடவே ஒவ்வொன்னையும் எக்ஸ்ரே எடுத்த மாதிரி பெருசா பிரிண்ட் பண்ணி தொங்க விட்டிருந்தாங்க, தையல் எங்க போகுது, துணி எங்க ரெண்டு மடிப்பா இருக்குனு தெரியற மாதிரி.

நான் ஒரு சட்டைய சுத்திச் சுத்தி வந்தேன். நம்ம சாதாரண சட்டைல என்னென்ன இருக்கும், முன்பக்கம் ரெண்டு, முதுகு ஒன்னு, தோள் மேல வர்ற யோக், கை, மணிக்கட்டுப் பட்டியான கஃப், காலர தாங்கற காலர் ஸ்டாண்ட், காலர், பட்டன் பட்டி. அவர் புதுசா எதையும் ஒட்டல, இதே பாகங்கள்ல ஒன்ன மட்டும் எடுத்து அளவ மாத்திடறார். காலர் வளர்ந்து தோள தாண்டிப் போயிடும், இல்லேன்னா கஃப் முழங்கைய தொடும், மத்ததெல்லாம் அடக்கமா ஒதுங்கிக்கும். ஆர்கன்சா எடையே இல்லாத துணி ஆனா விறைப்பு உண்டு, அந்த விறைப்ப நம்பி, மடிப்புலயே அவ்ளோ பெரிய காலர நிக்க வெச்சிருக்கார். நான் தேடினது கையும் உடம்பும் சேர்ற அந்த ஆர்ம்ஹோல் தையல. அங்க ஒரு சுருக்கம் கூட இல்ல. கட்டட டிராயிங்கா பிளான், எலிவேஷன், செக்‌ஷன்னு அஞ்சு வருஷம் வரைஞ்சது எதுவும் வீண் இல்லன்னு அங்க நின்னு எனக்கு புரிஞ்சுது. பெரியப்பாவ அந்த ஹாலுக்கு கூட்டிட்டு வந்திருக்கணும்னு தோணுச்சு.

அர்மானி ரசிகர்கள் கமென்ட்ல சண்டைக்கு வராதீங்க, அவர் லைனிங்கையும் பேடிங்கையும் எடுத்து கோட்ட தளர விட்டது பெரிய விஷயம் தான், நானும் மதிக்கறேன். ஃபெர்ரே பண்ணது வேற, அவர் துணிய வெச்சுக் கட்டினார். ரெண்டையும் ஒரே தராசுல வெக்காதீங்க.

அப்ப ஏன் பேர் தெரியலனா, காரணம் திறமை இல்ல, கம்பெனி. 2000க்கு அப்புறம் கம்பெனி வேற குரூப் கைக்கு போச்சு. 2007 ஜூன்ல மூளைல ரத்தக்கசிவு வந்து 62 வயசுல இவர் போயிட்டார், மிலான்ல இருக்கற பிரேரா கலை அகாடமிக்கு தலைவரா ஆகி கொஞ்ச மாசம் தான் ஆச்சு. 2009ல அந்த குரூப்பே கடன்ல விழுந்துச்சு, 2011ல துபாய் குரூப் ஒன்னு வாங்குச்சு, அதுவும் நிலைக்கல. கடை இல்ல, பெர்ஃப்யூம் விளம்பரம் இல்ல, ஏர்போர்ட்ல போர்டு இல்ல, அதனால பேர் காதுல விழல. நம்ம ஆளுங்க பிராண்ட் லோகோவ பாத்து தான் டிசைனர எடை போடறாங்க, அது தான் பிரச்சனை.

 

அசைன்மென்ட்டுக்கு ஃபெர்ரேவோட முடிஞ்ச டிரஸ் போட்டோ மட்டும் போடாதீங்க, ஸ்கெட்ச்சும் சேருங்க. நாலஞ்சு கோட்டுல உருவத்த போட்டிருப்பார், அதே டிரஸ்ஸ பக்கத்துல அளவோட டெக்னிக்கல் டிராயிங்கா வரைஞ்சிருப்பார். அவரோட ஆர்கைவ் இப்ப அவர் படிச்ச அதே பாலிடெக்னிக்கோ கிட்ட தான் இருக்கு. ரெண்டு டிராயிங்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுதுங்க, பேட்டர்ன் பத்தி டவுட் வந்தா கமென்ட்ல கேளுங்க, நான் பதில் போடறேன்.