பாரசீகத்தில் நெருப்பைக் குறிக்க ‘ஆத்தஷ்’, ‘ஆஸர்’ என இரு சொற்கள் இருப்பது ஏன்?

இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்தவையே. ஜொராஸ்திரியரின் மறைநூலான அவெஸ்தாவின் மொழியில் நெருப்புக்குரிய சொல்லின் பகுதி (விகுதி சேராத அடிச்சொல்) ‘ஆத்தர்’. எழுவாயாக வரும்போது அது ‘ஆத்தர்ஷ்’ என ஷகர ஈறு பெறும். இவற்றுள் முன்னது இடைக்காலப் பாரசீகத்தில் ‘ஆதுர்’ ஆகி, பின்னர் ‘ஆஸர்’ எனத் திரிந்தது. வழிபாட்டில் ஓதப்பட்டு வந்த எழுவாய் வடிவமே இன்றைய ‘ஆத்தஷ்’ ஆயிற்று என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அன்றாடப் பேச்சில் ‘ஆத்தஷ்’ நிலைத்துவிட, ‘ஆஸர்’ செய்யுளிலும் ஈரானிய நாட்காட்டியின் 9ஆம் மாதப் பெயரிலும் தங்கியது. காக்கசஸ் மலைப்பகுதியில் பேசப்படும் ஈரானிய மொழியான ஒசேத்தியத்தின் ‘ஆர்த்’ என்பதும் இதன் உறவுச் சொல்லே.

நாம் அறிந்த ‘அக்னி’ இதனோடு சேராது. அதன் உறவு லத்தீனின் ‘இக்னிஸ்’. வேதத்தில் பூசாரியைக் குறிக்கும் ‘அதர்வன்’ என்ற சொல்லைப் பலர் ‘ஆத்தர்’ உடன் இணைப்பதுண்டு. ஆனால் உயிரின் அளவும் தகர ஒலியும் ஒழுங்காகப் பொருந்தாததால், அந்த இணைப்பை நான் ஏற்கத் தயங்குவேன்.

அஜர்பைஜான் என்னும் பெயரிலும் இவ்வேர் மறைந்துள்ளது. அங்குள்ள எரிவாயுச் சுடர்களால் வந்த பெயர் என்பது செவிவழிக் கதை. அலெக்சாண்டர் காலத்தில் மீடியா என்ற பண்டைய ஈரானிய நிலப்பகுதியை ஆண்ட ஆளுநர் ஆத்ரோபாத்தஸின் பெயரே, ‘நெருப்பால் காக்கப்பட்டவர்’ என்ற பொருளோடு, அந்நிலத்துக்கு வழங்கலாயிற்று.