உள்ளே சொப்பு விளையாட்டுதானே நடக்கிறது?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. டியூஷன் எடுத்த பக்கத்து வீட்டுக்காரர்மீது போக்சோ சட்டத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். குழந்தைகள் நலக் குழு சொன்னபடி வாரம் ஒருமுறை ஒரு குழந்தை உளவியல் நிபுணரிடம் அழைத்துப்போகிறேன். உள்ளே என்ன செய்தீர்கள் என்று மகளிடம் கேட்டால் ‘சொப்பு வெச்சு விளையாடினோம்’, ‘களிமண்ணுல பொம்மை செஞ்சோம்’ என்கிறாள். நடந்ததைப் பற்றி அந்த மேடம் ஒரு வார்த்தையும் கேட்பதில்லை; எங்களையும் கேட்கக் கூடாது என்கிறார். நாளைக்குக் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டிய பிள்ளை மறந்துவிட்டால்? அதனால் நான் வீட்டில் தினமும் ஒருமுறை நடந்ததைச் சொல்லிப் பார்க்கச் சொல்கிறேன். மாமியாரோ, ‘விளையாடறதுக்கா லீவு போட்டு அலையறே, விட்டா தானா மறந்துரும்’ என்கிறார். அந்த மேடம் செய்வது வேலைதானா?
– பெயர், ஊர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேலைதான் சகோதரி. கதவுக்கு வெளியே காத்திருக்கும் அம்மாவுக்கு ஒன்றுமே நடக்காததுபோலத்தான் தெரியும். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது வேறொரு வரி: ‘தினமும் ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொல்கிறேன்.’ அதற்கு வருகிறேன். முதலில் அந்த அறைக்குள் போவோம்.

சொப்பு விளையாட்டில் யார் சமைப்பது, யார் சாப்பிடுவது, எப்போது கடையைக் கட்டுவது எல்லாம் உங்கள் மகள் சொல்படிதான். அவள் ‘போதும்’ என்றதும் எதிரே இருப்பவர் அந்த நொடியே நிறுத்திவிடுவார். ஒரு பெரியவரிடம் தன் ‘வேண்டாம்’ செல்லாமல் போனதை அனுபவித்த குழந்தை அது. இன்னொரு பெரியவரிடம் அதே சொல் செல்லுபடியாவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் நம்பும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

விளையாட்டோடு விளையாட்டாக நிபுணர் கவனித்துக்கொண்டும் இருப்பார். கதவு தட்டினால் திடுக்கிடுகிறாளா, தூக்கம், சாப்பாடு, வயிற்றுவலி எப்படி இருக்கின்றன, ‘என்னாலதான் வீட்டுல எல்லாரும் அழறாங்க’ என்ற நினைப்பு இருக்கிறதா என்றெல்லாம். ஒரு தாளில் உடம்பின் வடிவத்தை வரைந்து, ‘பயம் வந்தா எங்க தெரியுது, அங்க கலர் அடி’ என்பார். குழந்தை வயிற்றில் கறுப்பு அடிக்கும், இன்னொரு நாள் தொண்டையில் அடிக்கும். ஆனால் கறுப்பு அடித்தால் இதுதான் பொருள், பொம்மையை ஒளித்துவைத்தால் அதுதான் பொருள் என்று யாரிடமும் அகராதி கிடையாது. படத்தைப் பார்த்தே நடந்ததைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்கிற ஆலோசகர் கிடைத்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

நடந்ததைப் பேசும் கட்டமும் வரும். இந்தத் துறையில் நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட சிகிச்சை ஒன்று அமெரிக்காவின் ஜூடித் கோஹன், ஆந்தனி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் மூவரும் உருவாக்கியது. பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகளில் முடியும். அதில் முதல் பகுதி முழுக்க மூச்சைச் சீராக்குவது, உணர்ச்சிக்குப் பெயர் சொல்வது, பயத்தைச் சமாளிப்பது இவைதான். அவை கைவந்த பிறகே குழந்தை தன் கதையைத் துண்டு துண்டாக, எழுதியோ வரைந்தோ, தாங்கும் அளவுக்குச் சொல்லும். உங்கள் மேடம் இதே முறையைத்தான் பின்பற்றுகிறார் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் வரிசை இதுதான். முதல் நாளே ‘என்ன நடந்துச்சு சொல்லு’ என்று ஆரம்பிக்கும் கவுன்சலிங்கைவிட உங்கள் மகளுக்குக் கிடைப்பது எவ்வளவோ மேல்.

சரி, அவர் ஏன் கேட்பதில்லை? வாக்குமூலம் வாங்குவது ஒரு வேலை, மனக்காயத்தை ஆற்றுவது இன்னொரு வேலை. முதலாவது காவல்துறையும் மாஜிஸ்திரேட்டும் செய்வது. உளவியல் நிபுணர் ஒருவர் அதற்கு உதவியாக இருக்கலாம். சிகிச்சை தருபவரே விசாரணையும் செய்தால் இரண்டும் கெடும். உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொல்வதும் அவர் வேலையில் சேராது. கோர்ட் கேட்டால் தான் கண்டதைச் சொல்வார், அவ்வளவுதான். ஒன்று மட்டும் விலக்கு. புதிதாக ஒரு குற்றம் தெரியவந்தால் போக்சோ 19-ஆம் பிரிவின்படி அவர் தெரிவித்தே ஆக வேண்டும். ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று குழந்தையிடம் அவர் சத்தியம் செய்யாததற்கு அதுதான் காரணம்.

கேள்வி கேட்பதில் இருக்கும் ஆபத்தை உலகம் கற்றுக்கொண்டது ஒரு பெரிய வழக்கில். 1983-இல் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் ஊரில் இருந்த மெக்மார்ட்டின் மழலையர் பள்ளிமீது பாலியல் புகார் எழுந்தது. நூற்றுக்கணக்கான குழந்தைகளை உட்காரவைத்து விசாரித்தார்கள். ‘மத்த பசங்க எல்லாம் சொல்லிட்டாங்களே’ என்பார்கள்; ‘ஆமாம்’ என்ற குழந்தைக்குப் பாராட்டு, ‘இல்லை’ என்ற குழந்தைக்கு மறுபடி அதே கேள்வி. கடைசியில் குழந்தைகள் சுரங்கப்பாதை, பறக்கும் சூனியக்காரி என்றெல்லாம் சொல்லத் தொடங்கினார்கள். 1990-இல் வழக்கு முடிந்தபோது ஒருவருக்கும் தண்டனை இல்லை. உண்மையிலேயே ஏதாவது நடந்திருந்தால்கூட அதைப் பிரித்தெடுக்க வழியில்லாமல் போயிருந்தது. இதுபோன்ற வழக்குகளுக்குப் பிறகுதான் விசாரணை முறைகளே மாறின. மைக்கேல் லாம்ப் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய நேர்காணல் முறையில், முதலில் பிறந்தநாள் மாதிரி சாதாரண விஷயத்தைச் சொல்லவைத்துப் பழக்குவார்கள். அப்புறம் முக்கியமான கேள்வியே ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்பதுதான். ‘அவர் இங்க தொட்டாரா?’ என்று பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்பதை முடிந்தவரை தவிர்ப்பார்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்க நினைக்கும் முதல் கேள்வி எது தெரியுமா? ‘இதையெல்லாம் அம்மா சொல்லிக்கொடுத்தாங்களா?’ உங்கள் மகள் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. ‘ஆமா, அம்மா தினமும் சொல்லிப் பார்க்கச் சொல்வாங்க’ என்பாள். அந்த ஒரு வரி போதும், உண்மையான புகாரும் மனப்பாடம்போலத் தெரிவதற்கு. தினமும் சொல்லச் சொல்ல, அவளுடைய சொற்கள் போய் உங்கள் சொற்கள் வந்து உட்காரும். எட்டு வயதுப் பிள்ளையின் வாயில் பெரியவர் வார்த்தை வந்தால் நீதிபதி கவனிப்பார். இதெல்லாம் போகட்டும், ஒவ்வொரு இரவும் அவள் அந்த இடத்துக்கு ஒருமுறை திரும்பிப் போய் வருகிறாள்.

மறந்துவிடுவாளோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. தேதி, சட்டையின் நிறம் மாதிரி ஓரங்கள் மங்கலாம்; அது எல்லாருக்கும் நடப்பது. நடந்தது இன்னது, செய்தவர் இன்னார் என்ற நடுப்பகுதி அவ்வளவு சுலபமாகப் போகாது. உங்கள் மாமியாரின் நம்பிக்கைக்கும் பதில் இதுதான். வெளியில் பேசாத குழந்தை மறந்த குழந்தை இல்லை. அவரோடு இதற்காகச் சண்டை பிடிக்க வேண்டாம், ஒருநாள் அவரையே கூட அழைத்துப்போங்கள்.

கோர்ட்டுக்கு அவளைத் தயார்செய்ய நல்ல வழி இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி குழந்தைகள் நலக் குழு, விசாரணை முழுக்கக் குழந்தைக்குத் துணையாக நிற்கும் ‘ஆதரவு நபர்’ ஒருவரை உங்களுக்கு நியமிக்கலாம். இன்னும் யாரும் வரவில்லை என்றால் குழுவில் கேட்டு வாங்குங்கள். அவரும் அரசு வழக்கறிஞரும் காலியாக இருக்கும் கோர்ட் அறையை முன்கூட்டியே காட்டலாம். நீதிபதி எங்கே உட்காருவார், அம்மா எங்கே இருப்பார் என்று சொல்லலாம். ‘தெரியாது’, ‘ஞாபகம் இல்லை’, ‘கேள்வி புரியலை’ இந்த மூன்றும் சரியான பதில்கள் என்று அவளுக்குத் தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். சட்டமும் அவள் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. 33-ஆம் பிரிவின்படி வக்கீல்கள் குழந்தையை நேராகக் கேட்க முடியாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க, அவர்தான் குழந்தையிடம் கேட்பார். தேவைப்பட்டால் நடுவில் இடைவேளை தரலாம், அவள் நம்பும் ஒருவர் கூட இருக்கலாம். குற்றம்சாட்டப்பட்டவரை அவள் பார்க்காதபடி திரையோ வீடியோ வசதியோ வைக்க வேண்டும் என்கிறது 36. விசாரணையை ஒரு வருடத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், அதற்கும் மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று இரவு மகளிடம் சொல்லுங்கள்: ‘இனிமே தினமும் சொல்ல வேண்டாம்டா. உனக்கா சொல்லணும்னு தோணினா எப்ப வேணா சொல்லு, நான் கேக்கறேன்.’ அப்படி அவள் சொல்ல வரும்போது நீங்கள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள். தோண்டித் துருவ வேண்டாம். ‘நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பே இல்ல’ என்றால் போதும். அவள் தூங்கிய பிறகு, அவள் சொன்னதை அவளுடைய சொற்களிலேயே தேதி போட்டு எழுதிவையுங்கள். திருத்தாதீர்கள்.

இதுவரை வீட்டில் சொல்லவைத்ததை அந்த மேடத்திடமும் அரசு வழக்கறிஞரிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கோர்ட்டில் தெரியவருவதைவிட இப்போது அவர்களுக்குத் தெரிவது நல்லது. மகள் உள்ளே பேசியதைக் கேட்காதீர்கள். ஆனால் சிகிச்சையின் திட்டம் என்ன, இப்போது எந்தக் கட்டம் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அப்படியே உங்களுக்கென்றும் தனியாக அரை மணி நேரம் கேளுங்கள். நான்கு பக்கக் கடிதத்தில் நீங்கள் தூங்கி எத்தனை நாளாயிற்று என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.