ஃபர்னஸுக்கு ஒரே குழாய் போதுமாமே?

கேள்வி: வீட்டைச் சூடாக்கும் பழைய எரிவாயு ஃபர்னஸை எடுத்துவிட்டு, வெள்ளை பிளாஸ்டிக் குழாய் வைக்கும் புது வகை மாட்டப்போகிறோம். புகைக்கு மட்டும் ஒரு குழாயை வெளியே விட்டால் போதும், எரிவதற்கான காற்றை அறையிலிருந்தே எடுத்துக்கொள்ளும், செலவும் மிச்சம் என்கிறார் மாட்ட வந்தவர். ஃபர்னஸ் இருப்பது சின்ன மூடிய அறை, பக்கத்திலேயே துணி துவைக்கிறோம். ஒத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். உங்கள் வீட்டுக்கு இரண்டு குழாய்தான்: புகையை வெளியே விட ஒன்று, எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுக்க ஒன்று.

அவர் முழுப் பொய் சொல்லவில்லை, தொல்லையே அங்கேதான். ஒரே குழாயோடு ஓட்டலாம் என்று பல தயாரிப்பாளர்களே கையேட்டில் எழுதியிருப்பார்கள், ஆனால் அதற்கு அடுத்த பத்தியை யாரும் படித்துக் காட்டுவதில்லை. அறையில் போதிய காற்று இருக்க வேண்டும். அமெரிக்க எரிவாயு விதிகளில் இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: ஃபர்னஸ் மணிக்கு எரிக்கும் சூட்டின் அளவான பிடியூவில், ஒவ்வொரு 1,000-க்கும் அறையில் 50 கன அடி இடம். 80,000 பிடியூ ஃபர்னஸ் என்றால் 4,000 கன அடி, அதாவது 8 அடி உயரத்தில் 500 சதுர அடி. அங்கேயே எரிவாயு வாட்டர் ஹீட்டரும் இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் அறை 6-க்கு 8 அடி, உயரமும் 8 அடி என்றால் 384 கன அடிதான், பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கதவைத் திறந்தே வையுங்கள் என்பார். எத்தனை நாள்? யாராவது ஒருநாள் சாத்துவார்கள், அன்றைக்குக் காற்று போதாமல் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகும். அதற்கு வாசனை கிடையாது.

சரி, அறை பெரிசு என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் துணி துவைக்கும் இடத்துக் காற்று ஆகாது. பிளீச்சிலிருந்து வரும் குளோரின் ஆவி தீயில் பட்டு அமிலமாகி, தீயின் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரை அரித்துவிடும், உத்தரவாதம் கேட்டுப் போனால் அதே கையேட்டைக் காட்டித்தான் கையை விரிப்பார்கள்.

இரண்டாவது குழாய் போட்டாயிற்று என்று அசந்துவிடாதீர்கள், வாட்டத்தைப் பாருங்கள். இந்த வகை ஃபர்னஸ் புகையிலிருக்கும் சூட்டைக் கடைசிவரை உறிஞ்சிவிடுவதால், புகை ஆறி, குழாய்க்குள்ளேயே நீராகும். லேசான அமிலத் தண்ணீர். அது ஃபர்னஸை நோக்கித் திரும்பி வந்து அங்கிருக்கும் வடிகாலில் போக வேண்டும், ஆகவே புகைக்குழாய் வெளிச்சுவரை நோக்கி ஏறிக்கொண்டே போக வேண்டும், பொதுவாக அடிக்குக் கால் அங்குலம், 10 அடிக்கு இரண்டரை அங்குலம். மழைத்தண்ணீர்க் குழாய் போட்டுப் பழகியவர் கை வெளிப்பக்கம்தான் சாய்க்கும். அப்படிச் சாய்த்த ஒரு வீட்டில் குழாயின் வெளிமுனையில் பனிக்கட்டி தொங்கி அடைத்து, நள்ளிரவில் ஃபர்னஸ் நின்றுவிட்டது. அதற்கு முன்பே ஆய்வாளர் வந்து பார்த்து அனுமதிச் சீட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போயிருந்தார். பார்த்தது எதை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை, ஒரு ரசமட்டம் வைத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகாது.

வெளியே குழாய் வாய்கள் தரையிலிருந்து, பனி விழும் ஊரென்றால் வழக்கமாகப் பனி சேரும் உயரத்திலிருந்து, குறைந்தது ஓர் அடி மேலே இருக்கட்டும். விட்ட புகையையே காற்றுக்குழாய் திரும்ப இழுக்காதபடி இரண்டுக்கும் நடுவே கையேடு சொல்லும் இடைவெளி விடுங்கள். எலி வரும் என்று பொடிக்கண் வலை மாட்டாதீர்கள், அதுவும் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

இப்போது நான் எப்போதும் புலம்பும் விஷயம். உங்களிடம் ஆர்டர் வாங்குபவர் ஒருவர், வேலை செய்பவர் வேறொருவர். நடுவில் நிற்பவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு இவ்வளவு என்று பேசி யாரையோ அனுப்புகிறார், வந்தவருக்கு மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். சுவரில் இன்னொரு துளை போடுவது அவருக்கு நஷ்டம், ஒரு குழாய் போதும் என்ற ஞானம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன் கையேட்டில் குழாய் பற்றிய பக்கத்தைத் திறந்து, இத்தனை அங்குலக் குழாய்க்கு இத்தனை அடி நீளம், இத்தனை எல்போ, அதாவது குழாய் திரும்பும் வளைவு, என்ற அட்டவணையை அவரையே காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு எல்போவும் சில அடி நேர்க்குழாய்க்குச் சமம். கணக்கு மீறினால் காற்றழுத்த சுவிட்ச் ஃபர்னஸை நிறுத்தும், அதைப் பார்க்க வருபவர் ஃபர்னஸை இயக்கும் மின்னணு போர்டு போய்விட்டது என்று ஒரு புது போர்டை உங்கள் தலையில் கட்டுவார்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. பழைய ஃபர்னஸின் புகைபோக்கியிலேயே உங்கள் வாட்டர் ஹீட்டரும் சேர்ந்திருக்கிறதா? இருந்தால், ஃபர்னஸ் விலகியதும் அந்தப் பெரிய புகைபோக்கி அதற்கு மட்டும் தொளதொளவென்று ஆகிவிடும், புகை மேலே ஏறாமல் ஆறி வீட்டுக்குள்ளேயே திரும்பலாம். அதற்கு என்ன செய்யப்போகிறார் என்று வேலை தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள், படுக்கையறைக்கு வெளியே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டிவிடுங்கள்.