களிம்பு பிடித்த காசு: மறுபடி கிரேடிங்குக்கு அனுப்பலாமா?

கேள்வி: காசின் தரத்தைப் பார்த்து எண் கொடுக்கும் கிரேடிங்குக்கு அனுப்பிய 1835ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனிக் காலணா ஒன்று, எண் இல்லாமல் ‘சூழல் பாதிப்பு’ என்ற குறிப்போடு திரும்பி வந்துவிட்டது. சிங்கங்களின் பிடரி மயிர்கூடத் தெளிவாக இருக்கிறது. மறுபரிசீலனைக்கு அனுப்பினால் எண் கிடைக்குமா? (ஆம்பூர் வாசகர்)

பிடரி மயிர் தெரிவதைக் கிரேடிங் செய்பவர்களும் பார்த்திருப்பார்கள். அதனால்தான் ‘எக்ஸ்.எஃப். டீடெயில்ஸ்’ போல எழுதிக் கொடுக்கிறார்கள். காசு குறைவாகத்தான் தேய்ந்திருக்கிறது, ஆனால் அதன் பரப்பு கெட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். அரிப்பு என்று முடிவு செய்துவிட்டால் 70 புள்ளி அளவுகோலில் எண் போட மாட்டார்கள். எனவே தேய்மானத்தைப் பற்றி வாதாடிப் பயனில்லை. பச்சையாகத் தெரிவது காசின் மேல் படிந்திருக்கிறதா, காசையே தின்றிருக்கிறதா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, மேசை விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வையுங்கள். சிங்கத்துக்கும் கேடயத்துக்கும் வெளியே உள்ள வெற்றிடத்தைப் பார்த்தபடி காசை மெதுவாகத் திருப்புங்கள். சின்னச் சின்னப் புள்ளிகளுக்குள் நிழல் விழுந்து, திருப்பத் திருப்ப இடம் மாறினால் அவை குழிகள். அங்கே செம்பு போய்விட்டது, யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. மறுபடி கட்டணம் கட்டாதீர்கள். மாறாக, பச்சை மேடாக உட்கார்ந்திருந்து, அதன் ஓரத்தில் பழைய பழுப்புத் தோல் முழுசாகத் தெரிந்தால் நம்பிக்கை உண்டு. அப்போதும் முதலில் செய்ய வேண்டியது மறுபரிசீலனை அல்ல, பராமரிப்பு, அதாவது காசைக் கெடுக்காமல் மேலே படிந்ததை நீக்குவது. கிரேடிங் நிறுவனமான என்.ஜி.சி.யோடு சேர்ந்த என்.சி.எஸ். இதற்கென்றே இருக்கும் பிரிவு.

ஒன்றும் மாறாத காசை அப்படியே அனுப்பினால் பெரும்பாலும் பழைய பதில்தான் வரும். அவர்கள் மனம் மாற உங்களிடம் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் செலவு. பராமரிப்பு, கிரேடிங், இரு வழி கூரியர், காப்பீடு எல்லாவற்றையும் கூட்டுங்கள். 1835 காலணா சந்தையில் தாராளமாகக் கிடைக்கிற காசு. எண் கிடைத்தால் கூடும் விலை அந்தச் செலவுக்கு எட்டாது என்றால், ஆசைக்காக அனுப்ப வேண்டாம்.

கேள்வி: கிரேடிங் ஆன காசை அடைத்துத் தரும் ஹோல்டருக்குள்ளேயே பச்சைப் பொட்டு பெரிதாகிக்கொண்டே போகிறது. திருப்பி அனுப்பட்டுமா? (ராணிப்பேட்டை வாசகர்)

இதில் மட்டும் தாமதம் கூடாது. வெளிர்பச்சையாக, மாவு போல உதிர்கிறதா? அப்படியென்றால் செம்பில் புகுந்த குளோரைடு, ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது. ஹோல்டர் காற்றுப் புகாத பெட்டி இல்லை. இன்றைக்கே ஒரு படம் எடுத்து, கிரேடிங் ஆனபோது எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். வளர்ந்திருந்தால் மற்ற காசுகளிலிருந்து பிரித்து, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்த அரிப்பு பெருமளவு அடங்கும். வேலூர் வெயில் காலத்தில் சமாளித்துவிடலாம், ஐப்பசி மழையில்தான் ஆபத்து. பிறகு பராமரிப்புக்கு அனுப்புங்கள். இன்னொன்று: தோல் பை நம் பக்கம் எளிதாகக் கிடைக்கிறது என்று காசை அதில் போட்டு வைக்காதீர்கள். பதனிட்ட தோலில் தங்கும் அமிலமும் உப்பும் செம்புக்கு ஆகாது.

கேள்வி: ஓட்டைக் காலணாவைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். இனி எண் கிடைக்குமா? (குடியாத்தம் வாசகர்)

கிடைக்காது. புளியின் அமிலம் களிம்போடு பழைய தோலையும் கரைத்துவிடும், தேய்த்த கீறல்கள் லென்ஸில் தெரியும். ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்றுதான் எழுதுவார்கள். மேற்கொண்டு எதுவும் செய்யாமல் வைத்துக்கொள்ளுங்கள். விற்பதானால் வாங்குபவரிடம் சொல்லி விற்றுவிடுங்கள்.

கேள்வி: 1808ஆம் ஆண்டு இருபது காசு. கப்பலில் மூழ்கிக் கிடந்தது என்று அப்பா வாங்கினார், சான்றிதழும் இருக்கிறது. ஆனால் வெறும் ‘சூழல் பாதிப்பு’ என்றே வந்திருக்கிறது. (வேலூர் வாசகர்)

அருமையான காசு! பர்மிங்ஹாமில் சோஹோ ஆலையில் சென்னை மாகாணத்துக்காக அடித்து, ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பலில் ஏற்றினார்கள். 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் கப்பல் மூழ்கியது. 1980களில்தான் காசுகளை மேலே கொண்டுவந்தார்கள். 1801லேயே கம்பெனி கைக்குப் போயிருந்த நம் வடஆற்காட்டுச் சந்தைகளிலும் புழங்கியிருக்க வேண்டிய காசு, நூற்றெழுபது ஆண்டுக்கும் மேல் கடலடியில் கிடந்தது.

உங்கள் காசை மறுபடி அனுப்பலாம், ஆனால் கடைசிப் பதிலில் சொல்லும் சட்டத்துக்கு உட்பட்டுத்தான். கப்பல் காசுகளுக்கு என்.ஜி.சி. ‘ஷிப்ரெக் எஃபெக்ட்’ என்று தனிக் குறிப்பே தருகிறது. முதல் முறை சான்றிதழை இணைக்கவில்லை என்றால், இப்போது காட்ட உங்களிடம் புதிதாக ஒன்று இருக்கிறது. எண் கிடைக்காமல் போகலாம். ஆனால் லேபிளில் வரலாறு ஏறும், இந்தக் காசுக்கு வாங்குபவர்கள் தேடுவது அதைத்தான்.

கேள்வி: தாமரைக் குறி உள்ள ஆற்காடு ரூபாய் கறுத்துப் போயிருக்கிறது. சுத்தம் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பலாமா? (ஆற்காடு வாசகர்)

இரண்டும் வேண்டாம். வெள்ளியின் கறுப்பு கந்தகத்தால் வருவது. அது களிம்பு போன்ற அரிப்பு அல்ல, சீராகப் படிந்திருந்தால் குறையாகவும் பார்க்க மாட்டார்கள். தாமரை இருப்பதால் அது சென்னையில் அடித்தது, பிறை இருந்தால் புதுச்சேரி. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த நாணயத்தைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. மேலே சொன்ன 1835 காலணாவுக்கும் கப்பல் காசுக்கும் இது பொருந்தும். எந்த ஏஜென்ட் வழியாக அனுப்பினாலும், காசை எந்த ஊரில் வைத்துப் பார்ப்பார்கள் என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.