பிண்ணாக்கைக் கூட்டியும் பால் கூடாதது ஏன்? பசுவின் உடலில் புரதம் உருவாகும் விதம்

கேள்வி: கன்று ஈன்று இரண்டு மாதமான கலப்பினப் பசுவுக்கு வைக்கோலும் கடலைப் பிண்ணாக்கும் கொடுத்து வருகிறேன். பால் கூடும் என்று பிண்ணாக்கின் அளவை உயர்த்தினேன். மூன்று வாரமாகியும் பால் கூடவில்லை. சாணம் இளகியிருக்கிறது, கொட்டகையில் அமோனியா நெடி வீசுகிறது. யூரியா சேர்த்தால் புரதம் மலிவாகக் கிடைக்கும் என்றும் சிலர் சொல்கிறார்கள். தின்னும் புரதம் பால் புரதமாவது எப்படி என்று விளக்க வேண்டுகிறேன்.

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், உங்கள் பசுவுக்குப் புரதம் குறைவாக இல்லை, அந்தப் புரதத்தைப் பயன்படுத்துவதற்கு வேண்டிய எரிசக்திதான் குறைவு என்று தோன்றுகிறது. இளகிய சாணத்துக்குக் குடற்புழு போன்ற வேறு காரணங்களும் உண்டு என்பதால், கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை சாணத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று பிணைந்த நீண்ட சங்கிலி. உயிரினங்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் அடிப்படை அமினோ அமிலங்கள் 20. எது எந்த வரிசையில் அமைகிறது என்பதைப் பொறுத்துச் சங்கிலி மடங்கும் வடிவம் மாறுகிறது. அந்த வடிவத்தைப் பொறுத்தே அது தசையாகவோ, நொதியாகவோ, நோய் எதிர்ப்புப் புரதமாகவோ வேலை செய்கிறது. மாவுச்சத்திலும் கொழுப்பிலும் இல்லாத நைட்ரஜன் புரதத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் இருக்கிறது. டென்மார்க்கின் வேதியியலாளர் யோஹான் கெல்டால் 1883இல் வெளியிட்ட முறையில் தீவனத்தின் நைட்ரஜனை அளந்து, அதை 6.25ஆல் பெருக்கி வரும் எண்ணையே தீவனப் பையில் கச்சாப் புரதம் என்று அச்சிடுகிறார்கள். 46 சதவீதம் நைட்ரஜன் கொண்ட யூரியாவை இந்தக் கணக்கில் வைத்தால் 287 சதவீதம் புரதம் என்று வரும். யூரியாவிலோ ஒரு துளிப் புரதமும் கிடையாது. ஆகவே பையில் உள்ள எண் நைட்ரஜனைச் சொல்கிறதேயன்றி, புரதத்தின் தரத்தைச் சொல்வதில்லை.

பசு தின்ற பிண்ணாக்கு நேராகக் குடலுக்குப் போய்விடுவதில்லை. ரூமன் எனப்படும் பெருவயிற்றில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் அந்தப் புரதத்தின் பெரும்பகுதியை அமினோ அமிலங்களாகவும், பிறகு அமோனியாவாகவும் சிதைக்கின்றன. அதே நுண்ணுயிரிகள் அந்த அமோனியாவைக் கொண்டு தங்கள் உடற்புரதத்தைக் கட்டிக்கொள்கின்றன. அவை நான்காம் வயிற்றுக்கு நகர்ந்து, அங்கே பெப்சின் என்ற நொதியாலும் சிறுகுடலில் டிரிப்சின் என்ற நொதியாலும் செரிக்கப்படும்போதுதான் பசுவுக்கு அமினோ அமிலம் கிடைக்கிறது. பசு உறிஞ்சும் அமினோ அமிலங்களில் பொதுவாகப் பாதிக்கு மேல் இப்படி வருபவையே. கடலைப் பிண்ணாக்கில் குறைவாக உள்ள லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்கள் நுண்ணுயிரிப் புரதத்தில் நல்ல அளவில் இருப்பதால், இந்தச் சுற்றுவழி பசுவுக்கு ஆதாயமே.

ஆனால் புரதம் கட்ட நுண்ணுயிரிக்கு ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு வேண்டும். அது மாவுச்சத்தும் நார்ச்சத்தும் நொதிக்கும்போது கிடைக்கிறது. வைக்கோல் மெதுவாகவும் குறைவாகவுமே நொதிக்கிறது, பிண்ணாக்கோ விரைவில் அமோனியாவாகிறது. பயன்படாமல் மிஞ்சிய அமோனியா ரூமன் சுவர் வழியாக இரத்தத்தில் கலக்க, கல்லீரல் அதை யூரியாவாக மாற்றுகிறது. ஹான்ஸ் கிரெப்ஸ், கர்ட் ஹென்சலைட் என்ற அறிவியலாளர்கள் 1932இல் விளக்கிய இந்தச் சுழற்சியில் ஒவ்வொரு யூரியா மூலக்கூறுக்கும் நான்கு உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் செலவாகின்றன. ஏற்கெனவே எரிசக்திக் குறைவில் இருக்கும் பசுவுக்கு இது கூடுதல் சுமை. அந்த யூரியாவில் ஒரு பங்கு உமிழ்நீர் வழியாக ரூமனுக்கே திரும்பினாலும், பெரும்பங்கு சிறுநீரில் போய், சாணத்து நுண்ணுயிரிகளால் மீண்டும் அமோனியாவாகிறது. உங்கள் கொட்டகையில் வீசும் நெடி பெரும்பாலும் நீங்கள் விலை கொடுத்து வாங்கிய பிண்ணாக்குதான்.

இனி மடிக்கு வருவோம். பால் சுரக்கும் செல்லின் உட்கருவில் உள்ள டிஎன்ஏ, பாலின் முக்கியப் புரதமான கேசீனை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பை வைத்திருக்கிறது. அதன் நகலான தூது ஆர்என்ஏ உட்கருவை விட்டு வெளியே வர, ரைபோசோம் அதைப் படித்து, மணி கோப்பதுபோல் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறது. பீட்டா கேசீன் என்ற ஒரு வகையில் மட்டும் 209 அமினோ அமிலங்கள் உள்ளன. ஒவ்வொன்றைச் சேர்க்கவும் குறைந்தது நான்கு உயர் ஆற்றல் பிணைப்புகள் செலவாவதால், ஒரே ஒரு மூலக்கூறுக்கு எண்ணூறுக்கு மேல் ஆகிவிடும். தேவையான ஓர் அமினோ அமிலம் போதாமல் போனால் கோப்பது அந்த இடத்திலேயே தடைப்படும். மிகுதியாக உள்ள மற்றவற்றை உடல் சேமித்து வைப்பதில்லை, நைட்ரஜனைப் பிரித்தெடுத்து எரித்துவிடுகிறது.

இதைவிட முக்கியமாக, பாலின் அளவை நிர்ணயிப்பது லாக்டோஸ் சர்க்கரைதான். செல்லின் கோல்கை உறுப்பில் லாக்டோஸ் உருவாகும்போது அது தண்ணீரை உள்ளே ஈர்க்கிறது. எவ்வளவு லாக்டோஸோ அவ்வளவு பால். அதற்கு வேண்டிய குளுக்கோஸைக் கல்லீரல் பெருமளவு புரோபியோனிக் அமிலத்திலிருந்து தயாரிக்கிறது, அந்த அமிலமோ ரூமனில் மாவுச்சத்து நன்கு நொதிக்கும்போது மிகுதியாகக் கிடைப்பது.

எனவே கூட்டிய பிண்ணாக்கைக் குறைத்து, அதற்கு ஈடாக உடைத்த மக்காச்சோளத்தையோ வேறு தானியத்தையோ சேருங்கள். ஒரே நாளில் மாற்றினால் ரூமனில் அமிலம் மிகுந்து பசு தீவனத்தையே ஒதுக்கிவிடும். பத்துப் பதினைந்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள். பிண்ணாக்கு, தானியம் போன்ற அடர்தீவனத்தை ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று நான்கு முறையாகப் பிரித்துக் கொடுங்கள். வைக்கோலில் ஒரு பகுதியை நறுக்கிய பசுந்தீவனமாக மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

யூரியா இப்போது வேண்டாம். ரூமனில் அமோனியா ஏற்கெனவே மிஞ்சி நிற்கும்போது, அது நஞ்சாகும் வாய்ப்பே அதிகம். பச்சைச் சோயாவில் உள்ள யூரியேஸ் நொதி யூரியாவை உடனே அமோனியாவாக்கிவிடும் என்பதால், அவை இரண்டையும் எந்நாளும் சேர்க்கக் கூடாது. ரூமன் வளராத இளங்கன்றுக்கு யூரியா அறவே ஆகாது. தீவனத்தை மாற்றுவதற்கு முன்பும், மாற்றி மூன்று வாரம் கழித்தும், வசதியிருந்தால் பாலில் யூரியா அளவைப் பரிசோதியுங்கள். அது இறங்கியிருந்தால் புதிய கலவையை அப்படியே தொடரலாம்.