சூரிய ராசியா, லக்னமா?

கேள்வி: மேலைநாட்டு முறைப்படி என் சூரிய ராசி மேஷம், லக்னம் துலாம். பலன் பார்க்க இரண்டில் எதை எடுத்துக்கொள்வது?

பதில்: நீங்கள் ஏறத்தாழ மாலைப் பொழுதில் பிறந்திருக்க வேண்டும், பிறந்த கணத்தில் கீழ்வானில் உதயமாகும் ராசியே லக்னம் என்பதால், சூரியன் மேற்கே இறங்கும்போது அதற்கு ஏழாம் ராசி கிழக்கில் எழுகிறது. சூரியன் ஒரு ராசியில் சுமார் 30 நாள் தங்க, லக்னமோ சராசரியாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிவிடுகிறது. ஆகவே, அந்த மாதத்தில் பிறந்த அத்தனை பேருக்கும் பொதுவான சூரிய ராசியைவிட, பன்னிரண்டு வீடுகளையும் எண்ணத் தொடங்கும் இடமாகிய லக்னத்தையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் சூரியன் ஏழாம் வீடாகிய களத்திர ஸ்தானத்தில், அதாவது வாழ்க்கைத்துணைக்கு உரிய இடத்தில், நிற்கிறார் என்பதையே லக்னம் தெரிந்தால்தான் சொல்ல முடியும். (தமிழ் இதழ்களின் ராசிபலன் பெரும்பாலும் சந்திரன் நின்ற ராசிக்கு உரியது, அது வேறு கணக்கு.) பிறந்த நேரம் உறுதியாகத் தெரியாதவர்கள் மட்டும் சூரிய ராசியோடு நின்றுகொள்ளலாம், ஏனெனில் 4 நிமிடப் பிழைகூட லக்னத்தை ஏறத்தாழ 1 பாகை நகர்த்திவிடும்.