ஆம்னி: ஹெட் கேஸ்கட் மாற்றியும் ரேடியேட்டரில் குமிழி வந்தால்

உங்கள் மாருதி ஆம்னி வேனில் ஹெட் கேஸ்கட்டை (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும், சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) மாற்றியும் ரேடியேட்டரில் குமிழி வருகிறது, ஹெட் போல்ட்டுகளை இன்னும் இறுக்கினால் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்காது. குறித்த அளவுக்கு மேல் இறுக்கினால் போல்ட் நீண்டு, பிடிமானம் குறையவே செய்யும்.

வண்டி கொதித்த பிறகுதான் பழைய கேஸ்கட் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். ஹெட்டை லேத் பட்டறையில் கொடுத்து, அடிப்பரப்பு சமமாக இருக்கிறதா என்று பார்த்ததாக எழுதவில்லை. ஆம்னியில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம் என்பதால், அதிகச் சூட்டில் வளைவது பெரும்பாலும் ஹெட்தான். அந்த வளைவைப் புதிய கேஸ்கட் ஈடுகட்டாது.

ஆனாலும் உடனே கழற்ற வேண்டாம். இருக்கைக்கு அடியில் இன்ஜினும் முன்புறம் ரேடியேட்டருமாக நீண்ட ஹோஸ்கள் ஓடும் இந்த வண்டியில், தண்ணீர் மாற்றியபின் காற்று அடைபடுவது சகஜம்.

1. இன்ஜின் முழுதும் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரை நிரப்பி, மூடாமலே இன்ஜினை ஓட விடுங்கள். ஹீட்டர் இருந்தால் அதையும் சூட்டில் வையுங்கள்.

2. தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் வால்வு) திறந்து மேல் ஹோஸ் சூடானதும் குமிழி அடங்கினால் அது வெறும் காற்று. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் குமிழி பெருகினால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிகிறது. ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

கழற்றினால், நேர்விளிம்புச் சட்டத்தை ஹெட்டின் அடிப்பரப்பில் நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள். 0.05 மி.மீ. தகட்டுக்கு மேல் நுழைந்தால் சமன் செய்ய வேண்டும். விரிசல் சோதனையையும் லேத் பட்டறையிலேயே கேளுங்கள். பெங்களூரில் ஜே.சி. ரோடு பக்கம் கேஸ்கட் எளிதாகக் கிடைக்கும், கழற்றிய கேஸ்கட்டை மட்டும் மறுபடி போடாதீர்கள்.

பிளாக்கின் போல்ட் துளைகளில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால் டார்க் ரெஞ்ச் (போல்ட் எவ்வளவு இறுகியது என்று காட்டும் ஸ்பேனர்) பொய்க் கணக்குக் காட்டும். பிளாக்கே விரிசல் விடவும் கூடும். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம்.